மரக்காணத்து உப்பும் தைராய்டு வியாதியும்

மயிலத்து மலையடிவாரத்தில், திருவிழாக் கூட்டம் கலைந்துகொண்டிருந்த ஒரு பிற்பகலில், மளிகைக் கடையொன்றின் திண்ணையில் நாம் சிறிது நேரம் உட்கார்ந்திருக்க நேர்ந்தது. கடைக்கு வெளியே, வெயிலிலும் புழுதியிலும், வாய் திறந்த மூட்டைகள் இரண்டில் கல்லுப்பு குவிந்து கிடந்தது. உள்ளே பூட்டும் சாவியுமாய்ப் பாதுகாக்கப்படும் சரக்குகள் எத்தனையோ இருக்க, உப்பு மட்டும் இரவும் பகலும் வெளியிலேயே கிடப்பதேன் என்று வினவினோம். "உப்பைத் திருடறவன் எந்த ஊர்லயும் இல்லைங்க ஐயா" என்று கடைக்காரர் சிரித்தார். மூட்டையின் பக்கத்தைத் திருப்பி அதில் அச்சிட்டிருந்ததை வாசித்தோம். மனிதர் உண்பதற்கன்று, கால்நடைகளுக்கு என்று அதில் தெளிவாய் எழுதியிருந்தது. நாம் வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஓர் அம்மாள் வந்து அதே மூட்டையிலிருந்து இரண்டு படி உப்பு அளந்து வாங்கிச் சென்றார். ஊறுகாய்க்கு என்றார்.

கடைக்காரரின் மனைவியார் அப்பொழுது எமக்கு மோர் கொணர்ந்தார். முகம் ஊதியிருந்தது, குரல் கரகரத்திருந்தது, கோடையின் வெப்பத்திலும் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தியிருந்தார். உடம்பு எப்படி என்று கேட்டதற்கு, "தைராய்டுன்னு சொல்லி மாத்திரை கொடுத்தாங்க ஐயா. நிறுத்தி மூணு வாரம் ஆவுது. ஒண்ணும் பண்ணலை, நல்லாத்தான் இருக்கேன்" என்றார். எத்தனை நாளைக்குத்தான் மாத்திரையையே சோறு போல் தின்பது என்பது அவர் கேள்வி. கடைத்தெருவில் ஒட்டியிருந்த விளம்பரம் ஒன்றையும் காட்டினார். தைராய்டு வியாதியை வேரோடு அறுத்து, மாத்திரையினின்று விடுதலை தருவதாக அது பறைசாற்றியது.

வெளியே கிடந்த மூட்டைக்கும் உள்ளே நிறுத்தப்பட்ட மாத்திரைக்கும் உள்ள தொடர்பைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம். இது ஸ்திரீகளின் விஷயம், வைத்தியர்களின் விஷயம் என்று நமது நேயர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாமென்று கேட்டுக்கொள்கிறோம். இதற்குள் சட்டமும் இருக்கிறது, சுதேசியமும் இருக்கிறது, மரக்காணத்து உப்பளத்தில் வெயிலில் நிற்கும் தொழிலாளியின் வயிறும் இருக்கிறது.

முதலில் உடலுக்குள் நடப்பதைச் சிறிது அறிந்துகொள்வோம். நமது சரீரத்தில் நாளமில்லாச் சுரப்பிகள் என்று சில உண்டு. அவை தமது சாரத்தை இரத்தத்தில் நேரே கலந்துவிடுகின்றன. அந்தச் சாரம் தொலைவிலுள்ள அவயவங்களுக்குக் கட்டளை கொண்டு செல்லும் தூதனைப் போன்றது. இதற்கு ‘ஹார்மோன்’ என்னும் பெயரை 1905-ஆம் ஆண்டில் வழக்கிற்குக் கொணர்ந்தவர் ஸ்டார்லிங் என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி. கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் அமர்ந்திருப்பது தைராய்டு. அது சுரக்கும் தைராக்ஸின், உடலின் ஒவ்வொரு அணுவும் எவ்வளவு வேகமாய் வேலை செய்யவேண்டும் என்பதை நிர்ணயிக்கிறது. அச்சாரம் குறைந்தால் உடல் முழுவதும் மந்தமாகிறது. நாடி தளர்கிறது; உடல் பருக்கிறது; மலம் கட்டுகிறது; மயிர் உதிர்கிறது; தோல் வறள்கிறது; மாதவிலக்கு மிகுகிறது; நினைவு மங்குகிறது. சோம்பேறி என்றும் வயதாகிவிட்டது என்றும் வீட்டார் ஏசும் எத்தனையோ ஸ்திரீகளின் உண்மைக் குறை கழுத்தில் இருக்கிறது.

தைராக்ஸினின் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு அயோடின் அணுக்கள் உள்ளன. அயோடின் இன்றித் தைராக்ஸின் இல்லை. வளர்ந்த மனிதனுக்கு நாளொன்றுக்கு வேண்டுவது 150 மைக்ரோகிராம்; கர்ப்பிணிக்கு 250. எழுபது ஆண்டு வாழ்பவன் தன் ஆயுள் முழுவதிலும் உட்கொள்ளவேண்டிய அயோடின் அனைத்தையும் சேர்த்தால் நான்கு கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி அளவுதான். ஆயின் அந்தத் தேக்கரண்டியை ஒரே நாளில் விழுங்கிவைக்க முடியாது. நாள்தோறும் துளித்துளியாய் வரவேண்டும். மண்ணில் அயோடின் குறைந்த நாடுகளில், கிடைத்ததைப் பிடித்துக்கொள்ளும் முயற்சியில் சுரப்பி பெருத்துக் கழலையாகிறது. கட்டி கரைய வேண்டி உப்பும் மிளகும் காணிக்கை செலுத்தும் வழக்கம் நம் கோயில்கள் பலவற்றில் உண்டு. இந்த ஒரு கட்டியின் விஷயத்தில் உப்பின் மேல் வைத்த நம்பிக்கை அவ்வளவு பிழையன்று போலும்!

கழலை கண்ணுக்குத் தெரியும் கேடு. கண்ணுக்குத் தெரியாத கேடு அதனினும் பெரிது. தாயின் வயிற்றிலிருக்கும் சிசு, முதல் சில மாதங்களில் தனக்கு வேண்டிய தைராக்ஸினைத் தாயிடமிருந்தே பெறுகிறது. தாய்க்கு அது போதவில்லையாயின் குழந்தையின் மூளை குன்றுகிறது. பிற்பாடு எத்தனை பால் கொடுத்தாலும், எத்தனை உபாத்தியாயரை நியமித்தாலும் அந்தக் குறை நிரம்புவதில்லை.

இனி, கடற்கரை நாட்டாராகிய நமக்கு அயோடின் பஞ்சம் ஏது என்று பலர் கேட்கின்றனர். கற்றறிந்த கனவான்களே இவ்வாறு வாதிக்கக் கேட்டிருக்கிறோம். கணக்குப் பார்ப்போம். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. அயோடினோ ஏறத்தாழ 60 மைக்ரோகிராம்தான். அத்தனையும் உப்போடு தங்கிவிடுவதாகவே வைத்துக்கொண்டாலும் பத்துக் கிராம் உப்பில் 17 மைக்ரோகிராமே தேறும். வேண்டியதில் அது ஒன்பதில் ஒரு பங்கு. உண்மையில் பாத்தியில் நீர் வற்றி உப்பு பூக்கும்போது அயோடினில் பெரும்பகுதி கழிநீரோடும் காற்றோடும் போய்விடுகிறது. ஆகவே கடலிலிருந்து வந்த உப்பு என்பதனாலேயே அதில் அயோடின் இருப்பதாகக் கொள்வது, பசுவிடமிருந்து வந்தது என்பதனால் மோரில் நெய்யைத் தேடுவது போன்றது. கடல் மீன் தின்பவருக்கு ஓரளவு கிடைக்கலாம். மயிலத்திலும் செஞ்சியிலும் வானம் பார்த்த புன்செயில் கேழ்வரகும் மணிலாவும் பயிரிட்டு வாழ்பவர் நாள்தோறும் கடல் மீன் தின்பவரல்லர்.

திண்டிவனத்திலிருந்து கிழக்கே சென்றால் மரக்காணம். ஆயிரக்கணக்கான ஏக்கரில் உப்பளங்கள் விரிந்து கிடக்கின்றன. உப்பு விளைச்சலில் தூத்துக்குடியும் வேதாரண்யமும் நீங்கினால் இம்மாகாணத்தில் அடுத்து நினைவுக்கு வருவது இவ்வூரே. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இதுவே என்பது அறிஞர் பலரின் கருத்து. உமணர் வண்டி கட்டி உள்நாட்டுக்கு உப்பு கொண்டுசென்ற வழியில்தான் இன்று லாரிகள் செல்கின்றன. தை மாசியில் தொடங்கி வடகிழக்குப் பருவமழை வரையில் பாத்தி கட்டி, நீர் பாய்ச்சி, மிதித்து, வாரிக் குவிக்கும் தொழிலாளிகளின் பாதம் வெடித்திருக்கிறது. கண் கூசிக் கெட்டிருக்கிறது. மழை மாதங்களில் வேலை இல்லை. அம்மாதங்களுக்கென உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கும் ஏற்பாட்டைத் தமிழ்நாடு சர்க்கார் அண்மை ஆண்டுகளில் செய்திருக்கிறது. நல்லதே, ஆயினும் மூன்று மாதத்துக்கு அத்தொகை எவ்வளவு என்பதை அவர்கள் வாயால் கேட்பதே நன்று.

இத்தனை உப்பு விளையும் இம்மாகாணம் அயோடின் விஷயத்தில் எங்கே நிற்கிறது? 2018-19-ஆம் ஆண்டில் இந்தியா முழுவதும் வீடு வீடாகச் சென்று உப்பைப் பரிசோதித்த ஆய்வொன்று நடைபெற்றது. போதிய அளவு அயோடின் உள்ள உப்பை உபயோகிக்கும் வீடுகள் தேசமெங்கும் நூற்றுக்கு 76.3. ஜம்மு காஷ்மீரத்தில் 99.8. தமிழ்நாட்டிலோ 61.9! ராஜ்யங்கள் அனைத்திலும் கடைசி இடம் நம்முடையது. படிப்பிலும் ஆஸ்பத்திரிகளிலும் பிறருக்கு வழிகாட்டுவதாகப் பெருமை பேசும் நாம், உப்பைத் தொட்டவிடத்தில் வரிசையின் வாலில் நிற்கிறோம். உப்பில் அயோடின் உண்டா இல்லையா என்று ஒரு துளி மருந்தில் நீல நிறம் காட்டிச் சொல்லும் சிறு சோதனைப் பெட்டி, சென்னையிலேயே செய்யப்பெற்று உலகின் பல நாடுகளுக்குச் செல்கிறது என்பதையும் இங்கே சொல்லாதிருக்க முடியவில்லை.

அயோடின் கலந்த உப்பால் பலன் உண்டென்பது வெறும் நம்பிக்கையன்று. ஸ்விட்ஜர்லாந்தில் 1922-லும், அமெரிக்காவின் மிச்சிகனில் 1924-லும் இது தொடங்கிற்று. நமது தேசத்திலேயே, டாக்டர் வி. ராமலிங்கஸ்வாமி என்னும் ஆந்திர நாட்டு மேதை, 1956-ஆம் ஆண்டு முதல் ஹிமாலயச் சாரலிலுள்ள காங்ரா பள்ளத்தாக்கில் இதைப் பரீட்சித்துக் காட்டினார். லக்ஷம் பேருக்கு மேல் வாழ்ந்த அப்பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாக்கி, இரண்டு பகுதிகளுக்கு அயோடின் சேர்ந்த உப்பும், ஒன்றுக்குச் சாதாரண உப்பும் அளித்தனர். ஆறாண்டு கழித்துப் பார்க்கையில், அயோடின் உண்ட இரு பகுதிகளிலும் பள்ளிச் சிறுவரின் கழலை வெகுவாய்க் குறைந்திருந்தது. மற்றதில் இருந்தபடியே இருந்தது. பிறகு மூன்று பகுதிகளுக்கும் அயோடின் உப்பே வழங்கலாயிற்று. நடுவே ஆறாண்டு வெறும் உப்புத் தின்ற குடும்பங்களை எண்ணும்போது மனம் சற்றுக் கனக்கிறது. எனினும் அப்பரீட்சையின்மேல்தான் 1962-இல் தேசிய கழலைத் தடுப்புத் திட்டம் எழுந்தது. மலைநாட்டுக்கு மட்டும் என்று தொடங்கிய அத்திட்டம், சமவெளியிலும் குறை உண்டென்று கண்டபின் 1980-களில் தேசம் முழுவதற்கும் விரிந்தது.

நிற்க. சட்டத்தின் கதை இதனினும் சுவையானது. வக்கீல் தொழிலில் சில காலம் உழன்றவர்களாதலால் இதில் எமக்குக் கொஞ்சம் ஆசை மிகுதி, நேயர்கள் பொறுத்தருள்வார்களாக. அயோடின் கலவாத உப்பை உணவுக்கு விற்கலாகாது என்று மத்திய சர்க்கார் 1998-இல் தடை விதித்தது. உடனே காந்தியவாதிகளும் சுதேசி இயக்கத்தாரும் வெகுண்டெழுந்தனர். தண்டி யாத்திரை எதற்கு? 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை தொண்டர்களோடு நடந்தது எதற்கு? கடல் தந்த உப்பை அள்ளித் தின்னும் உரிமைக்காகத் தடியடி பட்ட தேசத்தில், சுதந்தர சர்க்காரே அள்ளிய கைக்கு விலங்கிடுவதா? பெரிய கம்பெனிகளின் பொட்டலத்தை விற்கவே இச்சூழ்ச்சி என்றனர். 2000-ஆம் ஆண்டில் தடை நீக்கப்பட்டது. அயோடின் உப்பு வழங்கல் தளர்ந்ததைக் கண்டு வைத்தியர்கள் கூக்குரலிட, 2006-இல் தடை மீண்டும் வந்தது. வழக்கு ஸுப்ரீம் கோர்ட்டை அடைந்தது.

2011 ஜூலையில் தீர்ப்பு. உணவுக் கலப்படத் தடைச் சட்டம், கலப்படத்தையும் கேடு விளைக்கும் பண்டத்தையும் தடுப்பதற்காக ஏற்பட்டது. அயோடின் கலவாத உப்பு கலப்படச் சரக்குமன்று. தன்னியல்பில் உடலுக்குத் தீங்கு செய்வதுமன்று. ஆகவே அச்சட்டத்தின் கீழ் இத்தகைய விதி செய்யச் சர்க்காருக்கு அதிகாரமில்லை என்று நீதிபதிகள் கூறினர். எனினும் விதியை அன்றே வீழ்த்தாமல், சர்க்கார் ஆலோசித்துத் தக்கது செய்யும்படி ஆறு மாத அவகாசம் தந்தனர். சட்டத்தின் வார்த்தையையும் ஜனங்களின் க்ஷேமத்தையும் ஒருங்கே காத்த தீர்ப்பு என்பது எமது அபிப்பிராயம். இதற்கிடையே, பழைய சட்டத்தை நீக்கி அதன் இடத்தில் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், அவ்வாண்டு ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த விதிகளில் அதே தடை புகுந்துவிட்டது. இன்று ஆட்சியில் இருப்பது அதுவே. கால்நடைக்கும், பதப்படுத்துவதற்கும், தொழிற்சாலைக்கும் அயோடினில்லா உப்பு விற்கலாம். மூட்டையில் அங்ஙனம் எழுதியிருக்கவேண்டும். மயிலத்துக் கடைவாசலில் நாம் கண்ட எழுத்தின் பிதாமகர் இந்த விலக்குத்தான். மாட்டின் பெயரால் வந்த உப்பு மனிதனின் ஊறுகாய்ச் சாடிக்குள் போகும் வழி இது.

உரிமை பேசுவோரை நாம் இகழவில்லை. அவர்கள் சொல்வதில் பாதி மெய். சத்தியாக்கிரகம் உப்பின் மேல் விதித்த வரியையும், ஏகபோகத்தையும் எதிர்த்து நடந்தது. ஏழையின் கஞ்சியில் அந்நியன் கை வைத்ததை எதிர்த்து நடந்தது. அயோடின் கலந்தால் வரி ஏறுவதில்லை. ஒரு மனிதனுக்கு ஓராண்டுக்கு வேண்டும் அயோடினின் விலை சில ரூபாய்தான். இன்னதைத் தின்கிறோம் என்றறிந்து வேண்டாமென்று சொல்பவன் உரிமையை நாம் மதிக்கலாம். கருவிலிருக்கும் குழந்தைக்கு அந்தத் தெரிவு யார் கொடுத்தது? அதன் பக்கம் வக்காலத்து வாங்க ஒருவரும் இல்லாத இடத்தில்தான் சட்டம் பேசவேண்டியிருக்கிறது.

மற்றப் பாதி மெய்யாவது, இச்சட்டத்தின் பாரம் யார் தலையில் விழுகிறது என்பது. பெரிய ஆலைக்காரர், ஓடும் பட்டையின்மேல் உப்பைச் செலுத்திப் பொட்டாஸியம் அயோடேட்டுக் கரைசலை அளவாய்த் தெளிக்கும் யந்திரம் வைத்திருக்கிறார். சில ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்த மரக்காணத்துச் சிறு உற்பத்தியாளர் என்ன செய்வார்? கையால் தெளித்தால் ஒரு பக்கம் மிகும், ஒரு பக்கம் இல்லாது போகும். வாங்குவோர் கையில் சேரும்போது பத்து லக்ஷத்தில் 15 பங்குக்குக் குறையாமல் அயோடின் இருக்கவேண்டும் என்பது விதி. இதை அளந்து பார்க்க அவரிடம் சாதனமில்லை. ஆதலின் அவர் வியாபாரிக்கு வெறும் உப்பாய் விற்றுவிடுகிறார். அதிகாரிகள் கடைக்காரரைப் பிடித்து அபராதம் போடுவதால் இக்குறை தீராது. உப்பளத்தருகிலேயே கூட்டுறவு முறையில் அயோடின் கலக்கும் யந்திரமும், ஒரு சிறு பரிசோதனைச் சாலையும் வைத்துக் கொடுப்பதே வழி. ராமநாதபுரம் ஜில்லா வாலிநோக்கத்தில் சர்க்காருக்குச் சொந்தமான உப்புக் கழகம் இருக்கிறது. அங்கே இயன்றது மரக்காணத்தில் இயலாதா? கல்லுப்பிலும் அயோடின் கலக்கலாம். பொடியுப்புப் பொட்டலம்தான் தின்னவேண்டும் என்பதில்லை. இது பலருக்குத் தெரியாததால், கல்லுப்பு இயற்கையானது, பொடியுப்பு கம்பெனியுடையது என்று ஒரு வீண் சண்டை நடக்கிறது.

வாங்கிய உப்பைக் காப்பதும் ஒரு காரியம். ஈரமும் வெயிலும் அயோடினுக்குப் பகை. மூடியுள்ள ஜாடியில், அடுப்புக்கு எட்ட வைத்து, குழம்பு இறக்கும் தறுவாயில் உப்பிடுவது நலம். இரத்த அழுத்தமுள்ளவர் உப்பைக் குறைக்கும்படி வைத்தியர் சொல்வதும் இதற்கு முரணன்று. உண்பது கொஞ்சமாயிருக்கட்டும், அந்தக் கொஞ்சம் அயோடின் உள்ளதாயிருக்கட்டும்.

அயோடின் மிகுந்தால் கேடில்லையா என்று கேட்பார்க்கும் விடை சொல்லவேண்டும். உண்டு. நெடுநாள் அயோடின் காணாத உடலில் திடீரென மிகுதியாய்ச் சேர்த்தால் சிலருக்குச் சுரப்பி வெறிகொண்டு சுரப்பதும், சிலருக்கு உடலின் காவற்படையே சுரப்பியைத் தாக்குவதும் நேர்வதுண்டு. டென்மார்க் தேசத்தார் 2000-ஆம் ஆண்டில் உப்பில் அயோடினைக் கட்டாயமாக்கியபோது, அளவைக் குறைவாகவே வைத்து, ஜனங்களின் கழுத்தையும் இரத்தத்தையும் ஆண்டுக்கணக்கில் பரிசோதித்து வந்தனர். நாமும் செய்யவேண்டுவது அதுவே. கலப்பதோடு நில்லாமல் கணக்கும் பார்க்கவேண்டும்.

இவ்விடத்தில் மயிலத்து அம்மாளிடம் திரும்பவேண்டியிருக்கிறது. அவருடைய வியாதி பெரும்பாலும் உப்பினால் வந்ததன்று, உப்பினால் தீரப்போவதுமன்று. 2013-இல் வெளியான ஆய்வொன்றில், சென்னை உள்ளிட்ட எட்டு நகரங்களில் வளர்ந்தவர்களைப் பரிசோதித்தபோது, நூற்றுக்கு ஏறத்தாழ பதினொருவருக்குத் தைராய்டு குறைவு காணப்பட்டது. ஸ்திரீகளில் அது மிகுதி. இவர்களில் பலருக்குத் தம் உடலே தம் சுரப்பியை அரித்துவிட்டிருக்கிறது. அரிக்கப்பட்ட சுரப்பிக்கு அயோடினைக் கொட்டிப் பயனில்லை. இல்லாமற்போன சாரத்தையே வெளியிலிருந்து தரவேண்டும்.

1891-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நியூகாஸில் நகரத்தில் மர்ரே என்னும் இளம் வைத்தியர், இவ்வியாதி முற்றிய 46 வயது ஸ்திரீ ஒருவருக்கு ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாரத்தை ஊசி மூலம் செலுத்தினார். ஊதிய முகம் வற்றிற்று. தடுமாறிய பேச்சு தெளிந்தது. அவ்வம்மையார் மேலும் 28 ஆண்டு வாழ்ந்தார். அத்தனை ஆண்டும் அவரை வாழ்வித்தவை 870-க்கு மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள்! 1914-இல் கெண்டால் தைராக்ஸினைப் பிரித்தெடுத்தார். 1920-களில் ஹாரிங்டன் அதை ரஸாயன சாலையிலேயே செய்யும் வழி கண்டார். 870 ஆடுகளின் வேலையை இன்று கடுகை விடச் சற்றுப் பெரிய ஒரு மாத்திரை செய்கிறது. அதுவும் நமது தேசத்தின் அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்ந்து, குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. இத்தகைய மாத்திரையினின்று விடுதலை வேண்டும் என்பது, மூக்குக்கண்ணாடியினின்று விடுதலை வேண்டுமென்று கிட்டப்பார்வையுள்ளவன் கேட்பதை ஒக்கும்.

நிறுத்தி மூன்று வாரமாகியும் நன்றாயிருக்கிறேன் என்று அவர் சொன்னதற்கும் காரணமுண்டு. தைராக்ஸின் உடலில் பாதியாய்க் குறையவே ஏறத்தாழ ஒரு வாரமாகும்; மறு வாரத்தில் மிஞ்சியதில் பாதி. ஆகவே மாத்திரையை விட்ட உடனே ஒன்றும் தெரியாது. முகம் ஊதத் தொடங்குவதை மெல்ல மெல்ல வரும் முதுமையாகவே வீட்டார் எண்ணுகின்றனர். விளம்பரக்காரர்களின் பிழைப்பு இந்தத் தாமதத்தில்தான் நடக்கிறது. மாத்திரையை நிறுத்தச் சொல்லித் தம் சூரணத்தைத் தருகிறார்கள். முதல் சில வாரங்கள் நலமாய்த் தோன்றுகிறது. சூரணத்தின் கீர்த்தி பரவுகிறது. வியாதி திரும்பும்போது அவர்கள் அடுத்த ஊரில் இருப்பார்கள்.

மாத்திரையை உண்ணும் முறையில் நம் வீடுகளில் ஒரு பெரும் இடையூறு காபி. காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், பச்சைத் தண்ணீரோடு மாத்திரையை விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை காபியையும் பலகாரத்தையும் தள்ளிவைக்கவேண்டும். சுடச்சுடக் காபியோடு விழுங்கினால் மருந்தில் ஒரு பகுதி குடலில் சேராமலே போய்விடுகிறது. இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். கர்ப்பிணிகளுக்கு மூன்றையும் ஒரே உறையில் போட்டுக் கொடுத்துவிடுகின்றனர். அவர்களும் ஒரே வாய் நீரில் விழுங்கிவிடுகின்றனர். அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் சென்று இரத்தத்தைப் பரீட்சித்துப் பார்க்கவேண்டும். அக்கம்பக்கத்தார் சொல்லி அளவைக் கூட்டிக் கொள்வது, மெலிவதற்காக இம்மாத்திரையை விழுங்குவது ஆகியவை இதயத்தைப் படபடக்கச் செய்யும். எலும்பை இளைக்கச் செய்யும்.

முட்டைக்கோஸ் தின்னலாகாது, மரவள்ளி தொடலாகாது என்று பத்தியம் விதிப்பவர் பலர். அயோடின் போதிய அளவு கிடைக்கும் வீட்டில், சமைத்து அளவோடு உண்ணும் காய்கறியால் தீங்கில்லை. நடையும் தூக்கமும் மிதமான உணவும் எல்லாருக்கும் நல்லவை. மாத்திரை உண்பவர்க்கு உடல் எடையும் மனச்சோர்வும் தணிய அவை பெருந்துணை. ஆயின் அழிந்த சுரப்பியை எந்த நடையும் எந்த ஆசனமும் உயிர்ப்பித்ததில்லை. இதை வெளிப்படையாய்ச் சொல்லாத பத்திரிகைகளும் பிழை செய்கின்றன. வைத்திய விளம்பரத்துக்கு இடம் கொடுக்கும் எம்மவர் யாவரையும் சேர்த்தே சொல்கிறோம்.

இரண்டு காரியங்கள் தாமதமின்றி ஆகவேண்டியவை. கர்ப்பம் தெரிந்தவுடன் தைராய்டைப் பரீட்சித்தல் ஒன்று. ஏற்கெனவே மாத்திரை உண்பவருக்குக் கர்ப்பகாலத்தில் அளவு கூட்டவேண்டி வரும் என்பதைத் தாயும் மாமியாரும் அறியவேண்டும். பிறந்த குழந்தையின் குதிகாலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்தல் மற்றொன்று. ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளுக்கு ஒன்று சுரப்பிக் குறைவோடு பிறக்கிறது. பார்வைக்கு அக்குழந்தை சாதுவாய், அழாமல், நன்றாய்த் தூங்கும். பாக்கியசாலிக் குழந்தை என்று பாட்டி மெச்சுவாள். முதல் இரண்டு வாரங்களுக்குள் மாத்திரையைத் தொடங்கினால் மற்றக் குழந்தைகளைப் போலவே அதுவும் ஓடிப் படிக்கும். மாதக்கணக்கில் தாமதித்தால் போனது போனதே. விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் பிரசவம் நடக்கும் ஒவ்வோர் ஆஸ்பத்திரியிலும், மருத்துவக் கல்லூரியில் மட்டுமன்றி, இச்சோதனை நிச்சயமாய் நடக்கிறதா என்று கேட்கும் கடமை அவ்வூர்ப் பிரமுகர்களுக்கு உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. அதே பையில் தைராக்ஸினும் செல்வதில் கஷ்டமிருப்பதாக எமக்குத் தோன்றவில்லை.

மயிலத்தை விட்டுப் புறப்படுமுன் அவ்வம்மாளிடம் இவற்றில் சிலவற்றைச் சொன்னோம். மாத்திரைப் பட்டையை எங்கோ வைத்துவிட்டதாகச் சொல்லி உள்ளே சென்று, அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து தேடி எடுத்துவந்தார். கடைக்காரர் மூட்டைகளைப் பார்த்து யோசித்துக்கொண்டிருந்தார். "அயோடின் போட்ட கல்லுப்பு மூட்டை வந்தா அதையே வைக்கிறேன் ஐயா. மரக்காணத்திலேருந்து அந்த மாதிரி வரலியே" என்றார். இக்கேள்விக்கு மறுமொழி சொல்லவேண்டியவர்கள் மயிலத்தில் இல்லை. தை மாதம் பிறந்தால் பாத்திகளில் மறுபடி நீர் பாய்ச்சுவார்கள். அதற்கு முன் யந்திரம் வருமா என்று அவர்களைக் கேட்கிறோம்.